இரண்டு படத்துக்கு நடுவில் எப்படிப் பிழைப்பது? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேட்டுப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. வீடு ஜீவரத்தினம் நகர். அம்மாவுக்கு மீன் வியாபாரம். காலேஜில் விஸ்காம் முடித்துவிட்டு மூன்று வருடம் ஒரு இயக்குநரிடம் உதவியாளராக இருந்தேன். இப்போது கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். அந்தக் காசில்தான் போன வருடம் அம்மாவை வைத்து 24 நிமிட ஆவணப்படம் ஒன்றை முடித்தேன். அது போக முழுநீளக் கதை ஒன்றும் கையில் இருக்கிறது. மீன் விற்கும் மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் ஒரே வட்டிக்காரர், ஒரே மாதத்தில் நடக்கிற கதை. இரண்டரை வருடமாக எழுதி ஏழாவது தடவை திருத்திவிட்டேன்.

போன மாதம் ஒரு கம்பெனியில் கதை சொல்லப் போனேன். காசிமேடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "வடசென்னை, சரி. கத்தி எப்பம்மா வருது?" என்று கேட்டார் ஒருவர். கத்தி வராது சார் என்றேன். "ஹீரோ?" மூன்று பேர் சார், மூன்று பேரும் பெண்கள் என்றேன். "அப்ப அவங்க புருஷனுங்க என்ன பண்றாங்க, அங்கேர்ந்து கதையை ஆரம்பிச்சா என்ன?" என்றார். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீயும் வந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன்.

நான் எழுதுவது பெண்ணியப் படம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கம்பெனி கேட்கிற மாதிரி மாற்றவும் மனசு வரவில்லை. யாரையும் நம்பாமல் சொந்தமாகப் படம் எடுக்கிற பெண் இயக்குநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தை எப்படியோ எடுத்துவிடலாம் என்பது எனக்குப் புரிகிறது. அதற்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நாலு வருடம், அஞ்சு வருடம் போகிறதே, அதில் வாடகை யார் கொடுக்கிறார்கள், எதை வைத்துத் தாக்குப்பிடிக்கிறார்கள்? பேட்டிகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அசோசியேட் அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் கேள்விக்குப் பாதி பதில் என்னிடம் இருக்கிறது. நான் கோடம்பாக்கத்தில் 14 வருடம். அசிஸ்டென்ட், அசோசியேட், இப்போது கோ-டைரக்டர். இன்னும் சொந்தப் படம் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறேன். வேலை நடக்கும்போது பேட்டா வரும், சாப்பாடு வரும், சம்பளம் தவணையாக வரும். படம் முடிந்துவிட்டால் அடுத்த படம் பூஜை போடும் வரை ஒன்றும் வராது. அந்த இடைவெளியில்தான் என் சொந்தக் கதையை எழுத வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் வீட்டில் "கல்யாணம் பண்ணிக்கோ" என்பார்கள், அப்புறம் "குழந்தை இருக்கு, அவுட்டோர் போகாதே" என்பார்கள். கூட வேலை பார்த்த பையன்கள் அதே இடைவெளியில் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, ராத்திரி முழுக்க டிஸ்கஷன் பண்ணி, ஒன்லைன், அதாவது கதைச்சுருக்கம், தயார் செய்து, தயாரிப்பாளரைப் பார்த்துவிட்டார்கள். அந்த ரூமில் எனக்கு இடம் இல்லை. திறமை குறைச்சல் என்று யாரும் சொன்னதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த ரூமில் நான் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

செட்டிலும் பெண் உதவியாளர் என்றால் காஸ்ட்யூம் கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்கச் சொல்வார்கள், ஹீரோயினைக் கூட்டிவரச் சொல்வார்கள். மானிட்டர் பக்கத்தில் நிற்க எனக்கு அஞ்சு வருடம் ஆனது.

அதனால் ஒன்று சொல்கிறேன். கல்யாண வீடியோவை விடாதே. அது கீழான வேலை என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. உன் வாடகையை நீ கட்டுகிற வரைக்கும் உன் கதையை யாரும் மாற்றச் சொல்ல முடியாது.

---

தங்கசாலை எழுதியது:

மகளே, நான் சினிமாக்காரன் இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் நீ கேட்ட கேள்வி இந்த ஊரில் புதிது இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1931 அக்டோபர் 31-ஆம் தேதி 'காளிதாஸ்' வெளியானது. தமிழில் முதல் பேசும் படம். அது வந்த இடம் நம் பக்கம்தான், ஜார்ஜ் டவுனில் இருந்த கினிமா சென்ட்ரல், பின்னாளில் முருகன் தியேட்டர் ஆனது. பம்பாயில் எடுத்த படம். படச்சுருள் பெட்டி ரயிலில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஜனங்கள் கூடி, பூத் தூவி, தேங்காய் உடைத்து, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். சாமி ஊர்வலம் மாதிரி. அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றுக்காரர். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்து, அது நிலைக்காமல், நாடகக் கம்பெனியில் சேர்ந்து தன் காலில் நின்றவர்.

அதோடு நிறுத்தியிருந்தால் முதல் கதாநாயகி என்ற பெயரோடு போயிருக்கும். 1936-இல் 'மிஸ் கமலா' என்று ஒரு படம் எடுத்தார். மூலக்கதை அவரே எழுதிய நாவல். திரைக்கதை, இயக்கம், நடிப்பு, தயாரிப்பு எல்லாம் அவர். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். பிறகு 'இந்தியத் தாய்' எடுத்தார். கம்பெனி தன்னுடையதாக இருந்ததால்தான் கதையும் தன்னுடையதாக இருந்தது. நீ இன்று கேட்கிற சுயாதீனத்தை அவர் ஏறக்குறைய 25 வயதில் செய்து காட்டினார்.

என் வருத்தம் வேறு. 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ஊர்வலமாக வந்த பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. உன் 24 நிமிடப் படத்தை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தி வை. அதை முதலில் செய்.

---

வியாசைப் பையன் எழுதியது:

சகோதரி, மனசு கஷ்டப்படும்படி சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்காரர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பத்துப் பதினைஞ்சு கோடி போடுகிறவன் தியேட்டரில் யார் வந்து உட்காருவார்கள் என்று பார்க்கத்தான் செய்வான்.

நம்ம ஏரியாவில் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது தெரியுமா? என் கூட கேரம் விளையாடியவன் இன்று கேரக்டர் ஆர்ட்டிஸ்ட். கானா பாடியவன் சினிமாவில் பாடுகிறான். நம்ம பேச்சைத் திரையில் கேட்டபோது எங்கள் தெருவே எழுந்து கைதட்டியது. அதுவும் பெரிய விஷயம்தானே? முதலில் ஒரு கமர்ஷியல் படம் எடுத்து ஜெயித்துவிட்டு, அப்புறம் உங்கள் மூன்று பெண்கள் கதையை எடுங்கள். அப்போது யாரும் கத்தி எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

---

காசிமேட்டுப் பொண்ணு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. தியேட்டரில் நம்ம பேச்சைக் கேட்டபோது நானும்தான் கைதட்டினேன். ஆனால் அந்தப் படங்களில் என் அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். சண்டை ஓடும்போது கூடையோடு விலகி ஓடுகிற பெண், பிள்ளை செத்ததும் மாரில் அடித்துக்கொள்கிற பெண். ரெண்டு ஷாட், முடிந்தது.

என் படத்தில் ஒரு ஷாட் இருக்கிறது, அதைச் சொன்னால் நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். விடியற்காலை மூன்று மணி, துறைமுகத்தில் ஏலம். ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். அம்மாவின் கண் அவர் வாயை விட்டு நகராது. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய வலது கை கூடைக்குள் இருக்கும். கட்டைவிரலால் ஒவ்வொரு சங்கரா மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த மீனுக்குப் போகும். குனிந்து பார்ப்பதே இல்லை. விரலுக்கே ஈரம் தெரியும், இறுக்கம் தெரியும், எது நேற்றைய மீன், எது இப்போது படகிலிருந்து இறங்கியது என்று தெரியும். அந்த இருபது நொடியில் அன்றைய லாபமா நஷ்டமா என்பது முடிவாகிவிடும். கடன் வாங்கிய காசு, சாயங்காலம் வட்டிக்காரர் வருவார். நான் அந்தக் கையை மட்டும் ஒரு நிமிடம் பத்து நொடி வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எனக்குத் தெரியாது அண்ணா. முதலில் வேறு ஒரு படம் எடுத்துவிட்டு வந்தால் எனக்கு இந்தக் கை தெரியாமலே போய்விடும் என்று பயமாக இருக்கிறது. மூன்று வருடம் உதவியாளராக இருந்தபோதே, எதைப் பார்த்தாலும் "இது இன்டர்வெல் பிளாக் ஆகுமா", அதாவது இடைவேளைக்கு முன் வைக்கிற திருப்பமாகுமா என்றுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதிலிருந்து வெளியே வரவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

---

உப்புக்காத்து எழுதியது:

எண்ணூரிலிருந்து எழுதுகிறேன் தோழி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தக் கையை இப்போதே பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நான் படம் எடுப்பவள் இல்லை, ஆனால் எங்கள் போராட்டங்களைப் படம் பிடித்தவர்களோடு பழகியிருக்கிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அதற்குப் பிறகு போராட்டப் பந்தலில் உட்கார்ந்ததில் பெண்கள்தான் அதிகம். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் அவர்கள். டி.வி. கேமராக்கள் நாலு நாள் வந்தன. அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது, சொந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்த பிள்ளைகள்தான். அதில் இரண்டு பேர் பெண்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போகிற வழியில் ஏற்கெனவே நடந்தவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள்.

லீனா மணிமேகலை. கவிஞர், தன் படங்களைத் தானே எழுதி எடுப்பவர். முதல் ஆவணப்படம் 'மாத்தம்மா', அருந்ததியர் பெண்குழந்தைகளைச் சாமிக்கு நேர்ந்துவிடுவதைப் பற்றியது. அப்புறம் 'தேவதைகள்'. அதில் மூன்று பெண்கள்: ஒப்பாரி பாடும் லட்சுமி, கடலுக்குப் போய் மீன் பிடிக்கும் சேதுராக்கு, பிணம் அடக்கம் செய்யும் கிருஷ்ணவேணி. மூவரும் ஊர் 'பொம்பளை வேலை இல்லை' என்று சொல்லும் வேலையைச் செய்கிறவர்கள். தோழி, உங்கள் மூன்று மீன்காரப் பெண்களுக்கு அவர்கள் அக்கா முறை ஆகிறார்கள். பிறகு தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் வைத்து 'செங்கடல்' என்ற முழுநீளப் படம் எடுத்தார். 2011 ஜனவரியில் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. அவர் விடவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த ஜூலையில் ஒரு வெட்டும் இல்லாமல் 'ஏ' சான்றிதழ் கிடைத்தது. அடுத்த முழுநீளப் படமான 'மாடத்தி' புசான் திரைப்பட விழாவுக்குப் போனது 2019-இல். தலித் மக்களுக்குத் துணி துவைக்கும் புதிரை வண்ணார் சாதிப் பெண் ஒருத்தியின் கதை.

இரண்டு முழுநீளப் படங்களுக்கு நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடம் சும்மா போகவில்லை. 2013-இல் இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றி 'வெள்ளை வேன் கதைகள்' எடுத்தார். நீங்கள் கேட்ட இடைவெளிக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. பெரிய படத்துக்குக் காசு வரும் வரை சின்னப் படத்தில் கையை ஓயவிடாமல் வைத்திருப்பது.

ஒன்று கவனியுங்கள். 'செங்கடல்' போன அந்தத் தீர்ப்பாயத்தை ஒன்றிய அரசு 2021 ஏப்ரலில் கலைத்துவிட்டது. இப்போது சான்றிதழ் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கம்பெனிக்கு வக்கீல் இருப்பார். தனியாகப் படம் எடுத்தவள் என்ன செய்வாள்? இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொருவர் ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜ். 1980-இல் சில நண்பர்களோடு சேர்ந்து 'யுகாந்தர்' என்ற குழுவைத் தொடங்கினார். பூனாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், நிப்பாணியில் புகையிலை ஆலைப் பெண்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லப் படம் எடுத்தார்கள். 1991-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பெண்கள் உடம்பில் என்ன செய்தது என்று ஒரு படம். இருபது வருடம் கழித்து நம் புதுக்கோட்டைக்கு வந்து, ஷரீபா கானம் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் படம் பிடித்தார். பெண்களே வழக்கை விசாரித்து, பெண்களே பஞ்சாயத்து பேசுகிற இடம் அது. 1980-இல் ஆரம்பித்தவர் இன்னும் பெண்கள் கூடிப் பேசும் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு அதுதான் ஒரு இயக்குநரின் தொழில் வாழ்க்கையாகத் தெரிகிறது.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். மலக்குழியில் இறங்கும் மனிதர்களைப் பற்றி 2017-இல் வந்தது. பொது இடத்தில் திரையிட விடாமல் தடுத்தார்கள், வழக்குகள் போட்டார்கள். அவர் யூடியூபில் ஏற்றிவிட்டார். ஊரே பார்த்தது.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

நல்ல இழை. நான் ஜார்ஜ் டவுனில் வழக்கறிஞர், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெரு. உங்கள் கதையைக் கம்பெனியில் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் திக்கென்றது. சொல்வதற்கு முன் பதிவு செய்தீர்களா?

தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது, அங்கே கதையைப் பதிவு செய்யலாம். மும்பையில் இருக்கும் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் இணையவழியாகவும் செய்யலாம். ஏழு தடவை திருத்தினேன் என்றீர்கள். ஏழு பிரதியையும் தேதியோடு வைத்திருங்கள். சண்டை வந்தால் அதுதான் பேசும்.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, நீங்கள் எழுதியது படமான பிறகு தியேட்டருக்கு வெளியே, அதாவது டி.வி., ஓ.டி.டி. போன்ற இடங்களில் ஓடினால் அதற்கான ராயல்டியில் உங்களுக்குப் பங்கு உண்டு. 'எனக்கு அது வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. எழுத்தாளரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அதேபோல, உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எத்தனை வருடத்துக்கு என்று போடாமல் விட்டால், ஐந்து வருடத்துக்கு மட்டும்தான் என்று பொருள். எந்த ஊருக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் முன் நீட்டும் ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று கொட்டை எழுத்தில் இருப்பது அதனால்தான். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போலவே முதல் கதை எழுதிய பெண், அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டார்.

இரண்டு படத்துக்கு நடுவில் வாடகை எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். உங்கள் பழைய படத்தின் உரிமை உங்கள் கையில் இருந்தால், கொஞ்சமாவது அங்கிருந்து வரும்.

---

ராயபுரம் டு எர்ணாகுளம் எழுதியது:

வேலைக்காகப் பத்து வருடமாகக் கேரளத்தில் இருக்கிறேன். இங்கே ஒரு திட்டம் உண்டு. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே பெண் இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை போட்டு எடுக்கிறது. அப்படி வந்த 'பி 32 முதல் 44 வரை' பார்த்தேன். ஆறு பேர், ஆறு உடம்பு, அவரவர் பிரச்சினை. 'விக்டோரியா' என்று இன்னொன்று, முழுக்க ஒரு பியூட்டி பார்லருக்குள்ளே நடக்கிறது. யாரும் கத்தி எங்கே என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பேசும் படத்தை ஊர்வலமாக எடுத்துப்போன ஊர் நம்முடையது. முதல் பெண் இயக்குநர் நம்மவர். நம் அரசு இப்படி ஒன்றைத் தொடங்க என்ன தடை? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

---

அசோசியேட் அக்கா எழுதியது:

இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

---

பெரம்பூர் எடிட்டர் எழுதியது:

தங்கச்சி, வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உன் படத்தில் ஒலி எப்படி? ஏல இடத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் இன்ஜின், நூறு பேர் கத்துகிறார்கள். கேமரா மைக்கை நம்பியிருந்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் வந்திருக்கும். நம்மில் பலர் நல்ல கேமராவுக்கு வாடகை கொடுப்போம், சவுண்டில் மிச்சம் பிடிப்போம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் மன்னிப்பார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

அடுத்தது, எங்கே காட்டப் போகிறாய்? திரைப்பட விழாக்களுக்கு அனுப்பு, ஆவணப்படம் காட்டுகிற அமைப்புகள் சென்னையிலும் மதுரையிலும் இருக்கின்றன, அவற்றுக்கும் அனுப்பு. ஆனால் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடிவிட்டார்கள். அந்த மாதிரிப் பெரிய தியேட்டர்கள் இருந்தபோதே உன் படத்துக்கு அங்கே இடம் இருந்திருக்காது, இப்போது மாலில் கேட்டுப் பார்க்கவே வேண்டாம். என்னிடம் பழைய புரொஜெக்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. உன் தெருவிலேயே போடலாமா? யாரைப் படம் எடுத்தாயோ அவர்கள் முதலில் பார்க்கட்டும்.

---

காசிமேட்டுப் பொண்ணு எழுதியது:

எடிட்டர் அண்ணா, ஒலி நீங்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது. முதல் இரண்டு நாள் எடுத்ததில் அம்மா குரலே கேட்கவில்லை. அப்புறம் கடன் வாங்கிக் காலர் மைக் ஒன்று வாங்கினேன். அம்மா முந்தானைக்குள் வைத்துப் பின் குத்திவிட்டேன். "இதுல கரண்டு அடிக்காதே?" என்று கேட்டார். மூன்றாம் நாள் எல்லாம் கேட்டது, மூச்சு வாங்குவது உட்பட.

தெருவில் போடுவதை யோசிக்கவே இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

---

காசிமேட்டுப் பொண்ணு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

போன ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குத் திரையிட்டோம். அண்ணா பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிர் வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டி இரண்டை ஒன்றாகத் தைத்துக் கட்டினோம். கடல் காற்றில் அது உப்பிக்கொண்டே இருந்ததால் கீழ் ஓரத்தில் செங்கல் வைத்துக் கட்ட வேண்டியதாகிவிட்டது. உப்புக்காத்து அக்கா எண்ணூரிலிருந்து நாலு பேரோடு வந்தார். அசோசியேட் அக்காவும் வந்தார், ஷூட்டிங்கிலிருந்து நேராக. தங்கசாலை ஐயா வரவில்லை, ஆனால் நான் படத்தை மூன்று ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டேன், ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது.

எண்பது பேர் இருக்கும், முக்கால்வாசி பெண்கள். அம்மா முன்வரிசையில் உட்காரவில்லை. வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கை ஷாட் வந்தது. ஒரு நிமிடம் பத்து நொடி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கம்பெனியில் இதைக் காட்டியிருந்தால் முதல் வேலையாக வெட்டச் சொல்லியிருப்பார்கள், இங்கேயும் எழுந்து போய்விடுவார்களோ என்று நினைத்தேன். நாற்பதாவது நொடியில் பின்னாலிருந்து ஒரு அக்கா கத்தினார்: "ஏய், அந்தக் கூடைய வாங்காத! செவுளு வெளுத்திருக்கு பாரு!" அதற்குள் இன்னொருவர், "மேல இருக்கறதுதான் வெளுப்பு, அடியில நல்லாருக்கு, அவ கை அடிக்குப் போவுது பாரு" என்றார். அப்புறம் தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. வாங்கு என்று ஒரு பக்கம், வாங்காதே என்று ஒரு பக்கம். திரையில் அம்மா ஏலத்தில் தலையாட்டியதும் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள்.

படம் முடிந்ததும் எல்லோரும் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, "அன்னிக்கி அந்தக் கூடையில எனக்கு நானூறு ரூபா நட்டம்" என்றார். அதைப் படம் எடுத்த என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லவில்லை. ஏம்மா சொல்லலை என்று கேட்டேன். "நீ கேமராவ வச்சிக்கிட்டு நின்ன. உன் முன்னாடி தப்பா எடுத்துட்டேன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

வியாசைப் பையன் அண்ணாவும் வந்திருந்தார், கடைசியில்தான் யாரென்று சொன்னார். அந்த ஷாட்டில் தானும் 'வாங்காதே' கட்சி என்றார். மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. இதுவரை 61 பேர்.

யாரோ அன்னக்கூடை ஒன்றைச் சுற்றவிட்டார்கள். 4,380 ரூபாய் சேர்ந்தது. மீன் வாசனையோடு பத்தும் இருபதும். காலர் மைக் கடனை அடைத்துவிட்டேன். முழுநீளக் கதையைச் சங்கத்தில் பதிவும் செய்துவிட்டேன், சட்டப்புத்தகம் ஐயாவுக்கு நன்றி. ஆனால் அதை மறுபடியும் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு ஒரு அக்கா நின்று, "வட்டிக்காரன் கதைன்னு கேள்விப்பட்டேன். என்கிட்ட ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ. என் பேரு மட்டும் போடாத" என்று சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் பேசினார். ஏழு தடவை எழுதியும் எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் அதில் இருந்தது.

வரும் ஞாயிறு எண்ணூரில் திரையிடச் சொல்கிறார்கள். அங்கே கரண்ட் அடிக்கடி போகிறதாம். யாரிடமாவது சின்ன ஜெனரேட்டர் இருந்தால், சத்தம் குறைவாக இருப்பதாகப் பார்த்து, ஒரு ராத்திரிக்குக் கொடுங்கள். நானே வந்து எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.